பழைய நிலைமாற்றியின் அமோர்பஸ் பட்டியைச் சூடாக்கி வளையக் கோராக வளைக்கலாமா?

பழைய நிலைமாற்றியின் கோரிலிருந்து (கம்பிச் சுருளுக்குள் இருக்கும் காந்தப் பகுதி) கழற்றிய அமோர்பஸ் பட்டியைக் காஸ் சுவாலையில் காட்டி வளைத்து, இன்வேட்டருக்குச் சின்ன வளையக் கோர் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. புதுப் பட்டி என்றால் செய்யலாம். அதையும் சூடாக்காமல் சுற்றி முடித்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும்.

அமோர்பஸ் பட்டி ஓர் உலோகக் கண்ணாடி, அதாவது அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்த உலோகம். சூட்டில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டால் அது பளிங்காகிவிடும், பிறகு கோருக்கு உதவாது. சிர்க்கோனியம் சேர்ந்த உலோகக் கண்ணாடிகள் பளிங்காவதற்கு முன் நன்றாக இளகும், அச்சில் அழுத்தலாம். நிலைமாற்றிப் பட்டி இரும்பு, சிலிக்கன், போரன் கலவை. அதில் இளகும் கட்டம் வளைக்கப் போதுமான அளவுக்கு இல்லை. ஏறத்தாழ 510 பாகை செல்சியசில் முதலில் இரும்பும் பிறகு போரைட்டும் (இரும்பும் போரனும் சேர்ந்த சேர்மம்) பளிங்காகிவிடும். அந்த எண்கூட ஆய்வுகூடத்தில் வேகமாகச் சூடாக்கி அளந்தது. அதற்குக் கீழேயும் நீண்ட நேரம் வைத்தால் பளிங்கு தொடங்கும். 25 மைக்ரோன் தடிப்புப் பட்டி சுவாலையில் கண்மூடித் திறப்பதற்குள் எல்லையைத் தாண்டிவிடும்.

கழற்றிய பட்டி தொழிற்சாலையில் ஏற்கெனவே அடுப்பில் சூடாக்கிப் பதப்படுத்தியது. புதுப் பட்டியை இரண்டாக மடித்தாலும் முறியாது. பழையதை மடிக்கப் போனாலே அப்பளம்போல நொறுங்கும். சிதறும் துண்டு விரலை வெட்டும், கையுறை போடுங்கள்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் லேத்காரர் ஒருவரிடம் காந்தம் ஒட்டாத துருப்பிடிக்காத உருக்கில் உருளை ஒன்று கடைந்து வாங்கி, புதுப் பட்டியை அதில் மெல்லிய இழுவையோடு சுற்றுங்கள். கடைசிச் சுற்றை ஸ்பொட் வெல்டால் பிடியுங்கள். டேப் அடுப்பில் கருகிப்போகும். பிறகு நைதரசனில் 350 முதல் 370 பாகை, ஒன்றிரண்டு மணி நேரம். தேர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பி) கோரின் உள்ளே செருகுங்கள், அடுப்புச் சுவரின் சூட்டை நம்ப வேண்டாம். தடித்த கோரின் நடுப்பகுதி பிந்தித்தான் சூடேறும், அதனால் மெதுவாக ஏற்றுங்கள். பளிங்காகும்போது வெப்பம் வெளிவரும் என்பதால், எல்லையைத் தாண்டினால் கோர் தானாகவே இன்னும் சூடாகும்.

பட்டியின் நீளவாக்கில் காந்தம் எளிதாக ஏறுவதற்கு, அடுப்பில் இருக்கும் இந்த நேரத்தில் கோருக்குக் காந்தப்புலமும் வேண்டும். சராசரிச் சுற்றளவு 20 சென்றிமீற்றர் என்றால், கண்ணாடி நார் உறை போட்ட வயரை 10 சுற்றுப் போட்டு 16 அம்பியர் நேரோட்டம் விடுங்கள். மீற்றருக்கு 800 அம்பியர் வரும். ஆறி 200 பாகைக்குக் கீழே வரும்வரை நிறுத்தாதீர்கள். 395 பாகையளவில் இந்தக் கலவை காந்தத் தன்மையை இழந்துவிடும், அதற்கு மேலே புலம் கொடுத்துப் பயனில்லை.

அச்சில் வார்க்கக்கூடிய இரும்புக் கண்ணாடிகளும் உண்டு. குரோமியம், மொலிப்டினம், கார்பன், இட்ரியம் சேர்த்து 2004 இல் 12 மில்லிமீற்றர் தடிப்புவரை வார்த்தார்கள். கோருக்கு அது சரிவராது, சேர்க்கும் தனிமங்கள் காந்தப் பாயத்தைக் குறைத்துவிடும்.

முடிந்த கோரை இறுக்கமான இப்பொக்சியில் ஊற வைக்காதீர்கள். இந்தப் பட்டி காந்தமேறும்போது நீண்டு சுருங்குவது. இறுக்கினால் இழப்பும் இரைச்சலும் கூடும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் கொஞ்சம் தளர்வாக வைத்து, சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். கலவையில் குரோமியம் இல்லாததால் வெள்ளவத்தைக் கடற்காற்றில் சும்மா வைத்தால் துரு பிடித்துவிடும்.