டர்பனில் தம்பி கைதாகிவிட்டான். வக்கீலை எப்படித் தேடுவது?

நேற்றிரவு கைதான தம்பிக்கு நல்ல வக்கீலை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள், அக்கா. முதலில் அவனிடம் சொல்லுங்கள்: வக்கீல் வரும்வரை எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போடவேண்டாம். பேசாமலிருக்கும் உரிமையைத் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு தருகிறது. கைதான 48 மணி நேரத்துக்குள் போலீஸ் அவனை நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும். அந்தக் கெடு வார இறுதியில் முடிந்தால் அடுத்த வேலைநாள் வரை நீளும்.

டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வீட்டுப் பத்திரம் முடித்துக்கொடுத்த வக்கீலையே கூப்பிடத் தோன்றும். வேண்டாம். ஜாமீனுக்கு அடிக்கடி வாதாடுகிற வக்கீலைத் தேடுங்கள். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பதிவும், வக்கீல் கட்சிக்காரர் பணத்தைக் கையாடினால் ஈடுகட்டும் ஃபிடிலிட்டி ஃபண்டின் இந்த வருடச் சான்றிதழும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கட்டணம் ஜாமீனுக்கு மட்டுமா, முழு வழக்குக்குமா என்பதை முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். குடும்பங்கள் பதறுவது பெரும்பாலும் இங்கேதான். கையில் பணமில்லை என்றால் இலவசச் சட்ட உதவி தரும் அரசு அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவில் வருமான விவரத்தோடு விண்ணப்பியுங்கள்.