வெளிநாட்டுப் பயிற்சி ஆசிரியரை வீட்டில் தங்க வைக்கச் சம்மதிக்கலாமா?

பிள்ளை படிக்கும் பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து பயிற்சி ஆசிரியர் வருகிறார், சில மாதம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள், சம்மதிக்கலாமா என்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஓர் அறை காலியாக இருக்கும், பிள்ளைக்கு ஆங்கிலம் வரும் என்ற ஆசையும் இருக்கும் என்று நினைக்கிறேன். சம்மதியுங்கள். ஆனால் அறையை ஒழுங்கு பண்ணுவதற்கு முன்னால் பள்ளியிடம் அவருடைய டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்கள். தங்க வைக்கும் குடும்பத்துக்கு எதற்கு டைம்டேபிள் என்று சிலர் வருவார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிட்டு வரட்டும்.

எங்களிடம் வந்த பெண் முதல் வாரம் கலகலப்பாக இருந்தாள். அப்புறம் மாலையில் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள், கூப்பிட்டால் தலைவலி என்பாள். நம்மோடு உட்காரப் பிடிக்கவில்லை போல என்று என் மாமியாருக்கு வருத்தம். வீட்டில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று என் கணவருக்குச் சந்தேகம். கடைசியில் விஷயம் பள்ளியில் இருந்தது. லீவு போட்ட ஆசிரியர்களின் வகுப்பையெல்லாம் அவள் தலையில் கட்டி, வேறு பெரியவர் யாரும் இல்லாமல் தனியாக விட்டிருக்கிறார்கள். மொழி புரியாத ஒரு வகுப்பை நாள் முழுக்கச் சமாளித்துவிட்டு வருகிறவள் நம்மோடு உட்கார்ந்து சிரித்துப் பேசவா செய்வாள்?

இந்த மாதிரித் திட்டங்கள் புதிது இல்லை. வெளிநாட்டு இளைஞர்களை ஜப்பானுக்கு அழைத்து வேலை கொடுக்கும் ஜெட் திட்டம் 1987இல் தொடங்கியது, அதில் போகிறவர்களில் பெரும்பாலோர் துணை மொழி ஆசிரியர்கள்தான். வகுப்பாசிரியரோடு சேர்ந்து பாடம் எடுக்கத்தான் அந்த வேலை. பிரான்சில் மொழி உதவியாளர்களுக்கு வாரம் 12 மணி நேரம்தான் வகுப்பு. நான் பள்ளிக்குப் போய் இதைச் சொன்னபோது, "தன்னார்வலர்தானே, கொஞ்சம் உதவட்டுமே" என்றார்கள். அப்புறம் அவளை அனுப்பிய திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதித்தான் மாறியது. மாறிய பிறகு கதவும் திறந்தது. பள்ளிகள் எல்லாமே இப்படி என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

உங்கள் பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீட்டிலும் உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுப்பார், நீங்கள் வெளியே போனால் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வீட்டோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு ஓபேர் என்று தனித் திட்டமே இருக்கிறது, அமெரிக்காவில் அதற்கு வாரம் 45 மணி நேரம் என்று உச்சவரம்பும் வைத்து, கைக்காசும் கொடுக்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கு வருகிறவர் அந்த வேலைக்கு வரவில்லை. நாங்கள் பிள்ளைகளோடு அவளைச் சும்மா பேச விட்டோம், பேச்சு தானாக வந்தது. எங்களை அப்படி இருக்க விடாதவர்கள் மற்ற பெற்றோர்கள்தான். "உங்க வீட்டுலதானே இருக்கா, என் பையனுக்கு ஒரு மணி நேரம் சொல்லித் தரச் சொல்லுங்களேன்" என்று வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்டார்கள், அதுவும் இலவசமாக!

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அந்தப் பெண்ணுக்காகப் பள்ளியில் ஓர் அறைக்குப் புது வண்ணம் அடித்து, புரொஜெக்டர் வாங்கி வைத்தார்கள். பல வருடங்களாக அங்கே ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் அதே புரொஜெக்டரைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர். ஆண்டு மலரில் வந்த படத்திலும் வந்தவள்தான் நடுவில், அந்த ஆசிரியை பாதி தோளோடு ஓரத்தில். பாடத்திட்டம் போட்டுக் கொடுத்ததே அவர்தான் என்று அந்தப் பெண்ணே எங்களிடம் சங்கடப்பட்டாள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கட்டும். போலீஸ் சரிபார்ப்பு அவருக்கும் முடிந்ததா, உங்கள் குடும்பத்துக்கும் செய்கிறார்களா என்று கேளுங்கள், கோபப்பட வேண்டிய விஷயம் இல்லை. வெளிநாட்டவர் தங்குவதை அரசிடம் பதிய வேண்டிய நாடுகள் உண்டு, அந்த வேலை பள்ளியுடையதா உங்களுடையதா என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ஒருங்கிணைப்பாளரின் சொந்தக் கைபேசி எண். அலுவலக எண்ணை மட்டும் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள், ராத்திரி காய்ச்சல் வந்தால் அந்த எண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள்.