ராக்வெல் சாரணர் படம்: அசலா, அச்சா?

வணக்கம். அமெரிக்காவில் பழைய பொருள் சந்தையில் வாங்கிய படம், மூத்த சாரணன் ஒரு குருளையனுக்கு (சாரணர் இயக்கத்தின் இளையோர் பிரிவுச் சிறுவனுக்கு) முடிச்சுப் போடக் கற்றுத்தருகிறான், மூலையில் அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் கையெழுத்து, அசல்தானா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது 1946ஆம் ஆண்டு சாரணர் நாட்காட்டிக்கு அவர் வரைந்த படத்தின் அச்சுப் பிரதி என்றே நினைக்கிறேன்.

ஒரு நல்ல பூதக்கண்ணாடியில் சிறுவனின் கன்னத்தைப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அச்சுதான், கையெழுத்தும் சேர்ந்தே அச்சானது. அசல் என்றால் எண்ணெய் வண்ணம்; பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் தூரிகைத் தடம் மேடுபள்ளமாகத் தெரியும். அவருடைய சாரணர் ஓவியங்கள் பலவற்றின் அசல்கள் அமெரிக்கச் சாரணர் அமைப்பிடமே இருந்தன. அந்த அமைப்பில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு இழப்பீடு தருவதற்காக 2024 முதல் அவற்றை ஏலம் விடுகிறார்கள்.

விலை பெரிதாக வராது என்று வருத்தப்படாதீர்கள். அந்த இரண்டு பையன்களின் விரல்களையும் பாருங்கள், அவ்வளவு அக்கறையாக வரைந்திருக்கிறார்! அப்புறம், கீழே மாதத் தாள்கள் இருந்தால் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள், சேகரிப்பவர்கள் முழு நாட்காட்டியைத்தான் தேடுகிறார்கள். வெயில் படாத சுவரில், அமிலமற்ற அட்டை வைத்துச் சட்டம் போடுங்கள்.