கூடத்தில் ஒலி நிறையட்டும், பெட்டிகள் தெரிய வேண்டாம்: கேள்வி பதில்

வீட்டுக் கூடத்தில், சுற்றிலும் இருந்து ஒலி தரும் சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் கண்ணில் படாமல் பொருத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். வயரை மறைக்கலாம், பெட்டியை மறைக்கலாம். ஆனால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவில் எதையும் வைக்காதீர்கள். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கென ஒரு சப்வூஃபர் வாங்கியிருக்கிறோம். கூடம் கடைபோல் ஆகிவிடும் என்று என் மனைவி கவலைப்படுகிறார். எதை எங்கே வைத்தால் கண்ணை உறுத்தாது?

அவர் கவலை நியாயமானது. எல்லோரும் புழங்கும் அறை அது. முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். சோஃபாவின் நடுவில் உட்கார்ந்து டிவியைப் பாருங்கள். அந்த நேர்க்கோட்டிலிருந்து இரு பக்கமும் 22 முதல் 30 பாகைக்குள் முன் ஸ்பீக்கர்கள் வர வேண்டும். பக்க ஸ்பீக்கர்கள் 90 முதல் 110 பாகை வரை, அதாவது காதுக்கு நேர் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ இருக்கலாம். நடுவில் வரும் சென்டர் ஸ்பீக்கர், டிவிக்குக் கீழே அல்லது மேலே.

பக்க ஸ்பீக்கர்கள் காது மட்டத்திலேயே இருக்க வேண்டியதில்லை என்பது உங்களுக்கு வசதி. ஒன்று, இரண்டு அடி உயர்த்தினால் இன்னும் நல்லது. அருகில் இருப்பவரின் தலை மற்றவருக்கு வரும் ஒலியை மறைக்காது. அந்த உயரத்தில் சுவரின் நிறத்திலேயே ஒரு சிறிய பெட்டி இருந்தால் ஒரு வாரத்தில் கண் அதை மறந்துவிடும். முன் ஸ்பீக்கர்களைப் புத்தக அலமாரியில் வைக்கலாம். ஆனால் ஸ்பீக்கரின் முகம் அலமாரியின் விளிம்போடு சமமாக நிற்கட்டும். உள்ளே தள்ளி வைத்தால் ஒலி பலகைகளில் மோதிக் குழம்பும்.

சோஃபாவுக்குப் பின்னால் இடமே இல்லை, சுவரை ஒட்டிக் கிடக்கிறது. பின் ஸ்பீக்கர்களை என்ன செய்வது?

பின்சுவரில் தலைக்கு நேர் பின்னால் மட்டும் மாட்டிவிடாதீர்கள். காதுக்குள் கத்துவதுபோல் இருக்கும். இரு பக்கச் சுவர்களில், சோஃபாவுக்கு நேராக, சற்று உயரத்தில் மாட்டுங்கள். ஏழு ஸ்பீக்கர் ஆசை இந்தக் கூடத்துக்கு வேண்டாம், ஐந்து போதும். முடிந்தால் சோஃபாவை ஒரு முழம் முன்னால் இழுத்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் தேங்கும் கனத்த ஒலி கொஞ்சம் தெளியும்.

வாடகை வீடு. சுவரை உடைக்க முடியாது. வயர் எப்படி மறையும்?

சுவர் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் ஓரமாகவே கொண்டுபோங்கள். கதவு குறுக்கிட்டால் நிலையைச் சுற்றி ஏற்றி இறக்குங்கள். ஒட்டும் பிளாஸ்டிக் கேசிங் பட்டிக்குச் சுவரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தால் பார்வைக்குத் தெரியாது. நாடாபோல் தட்டையாக வரும் ஸ்பீக்கர் வயரும் உண்டு. நடக்கும் பாதையில் கம்பளத்துக்கு அடியில் விடவே வேண்டாம், மிதிபட்டு நைந்துபோகும்.

வழக்கமான 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கு, கூடத்துக்குள் ஓடும் தூரத்துக்கு 16 கேஜ் வயர் போதும். தூரம் மிக அதிகமானால் அதைவிடத் தடித்த 14 கேஜ். முழுச் செம்பு வயராகப் பார்த்து வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினிய வயரும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அதே தடிமனில் மின்தடை அதிகம்.

வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே?

ஒலியைக் கொண்டுவரும் வயர் போய்விடும், மின்சார வயர் போகாது. பேட்டரியில் ஓடும் சிலவற்றைத் தவிர, ஒவ்வொன்றுக்கும் அருகில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள்.

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. சண்டைக் காட்சி அதிர்கிறது, பேசுவது மட்டும் புரியவில்லை. என் மாமியார் ஒலியைக் கூட்டச் சொல்கிறார், குழந்தை எழுந்துவிடுகிறது. சென்டர் ஸ்பீக்கர் டிவி அலமாரிக்குள் கதவு போட்டு இருக்கிறது.

அம்மா, கோளாறு அந்தக் கதவில்தான். திரைப்படத்தில் பேச்சின் பெரும்பகுதி சென்டர் வழியாகத்தான் வருகிறது. ஐந்தில் ஒன்றைத்தான் நல்லதாக வாங்க முடியும் என்றால் நான் சென்டரைத்தான் சொல்வேன். அதைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் பெட்டியாக அடைத்துவிடுகிறார்கள். எனக்கு மனம் ஆறுவதே இல்லை.

கதவின் பலகையை எடுத்துவிட்டுச் சட்டத்தில் மெல்லிய துணி கட்டுங்கள். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போனால் ஒலியும் பெரும்பாலும் போகும். ஸ்பீக்கரை முன்விளிம்புக்கு இழுத்து, அடியில் ரப்பர் துண்டு வைத்து, முகம் காதை நோக்கும்படி சற்று நிமிர்த்துங்கள். பின்பக்கம் காற்றுத் துளை இருந்தால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பிறகு ரிசீவரில், அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில், சென்டரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். இரவில் 'நைட் மோட்' போட்டால் வெடிச்சத்தம் தணியும், மெல்லிய பேச்சு மேலே வரும். உங்கள் மாமியாருக்குப் புரிகிறதா என்பதை வைத்தே அளவை முடிவுசெய்யுங்கள்.

சப்வூஃபரைச் சோஃபாவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாமா?

வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் பிரித்தறியாது. அந்த ஒலியலையின் நீளமே நான்கு மீட்டருக்கு மேல். ஆனால் உங்கள் மற்ற ஸ்பீக்கர்கள் கையடக்கமாக இருந்தால் 120, 150 ஹெர்ட்ஸ் வரை சப்வூஃபர்தான் சுமக்க வேண்டியிருக்கும். அப்போது ஆண் குரலின் அடிப்பகுதி முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும். பெட்டியை மிகச் சிறிதாக வாங்கினால், சப்வூஃபரை ஒளிக்கும் வசதி கைவிட்டுப் போகிறது.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, சப்வூஃபரைச் சோஃபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, கனத்த தாளம் உள்ள பாட்டைப் போடுங்கள். பிறகு அறையின் ஓரமாகத் தவழ்ந்துபோய்க் கேளுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே அதை வையுங்கள். மூலையில் வைத்தால் சத்தம் பெருகும், சில சமயம் உளறவும் செய்யும்.

ஐந்தையும் கூரையில் பதித்துவிட்டால்?

முன் மூன்றையும் கூரையில் வைக்காதீர்கள். முகம் ஓரிடத்திலும் பேச்சு வேறிடத்திலும் இருக்கும். பக்க ஸ்பீக்கர்களுக்கு வேறு வழியே இல்லை என்றால் கூரை சரி. மேல்ஒலி தரும் சிறிய ட்வீட்டரைச் சோஃபாவை நோக்கித் திருப்பக்கூடிய வகையை வாங்குங்கள்.

ஸ்பீக்கரின் முகத்தை மூடும் கிரில்லுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

உலோகக் கிரில்லுக்கு அடிக்கலாம். கழற்றி, உள்ளே துணி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, ஸ்பிரே மட்டும், மெல்லியதாக இரண்டு முறை. தூரிகை வேண்டாம், துளை அடைத்தால் மேல்ஒலி மங்கும்.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், இன்னும் பூச்சு வேலை முடியவில்லை. இப்போது என்ன செய்துவைக்க வேண்டும்?

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ரிசீவர் இருக்கப்போகும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கர் இடத்துக்கும் தனித்தனிக் குழாய் பதியுங்கள். மின்சார வயர் போகும் குழாயில் இதைச் சேர்க்காதீர்கள். டிவிக்குப் போகும் குழாய் மட்டும் பெரிதாக இருக்கட்டும், எச்டிஎம்ஐ வயரின் தலை நுழைய வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு கயிற்றை விட்டுவையுங்கள். பூசுவதற்கு முன் அளவுநாடாவைச் சுவரில் பிடித்தபடி புகைப்படம் எடுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அது உங்களைக் காப்பாற்றும்.

சுவருக்குள் ஸ்பீக்கரையே பதிப்பதாக இருந்தால் பின்பக்கம் மூடிய பெட்டி உள்ளதை வாங்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்து அறையில் தூங்குபவருக்கும் படம் ஓடும்.

எல்லாம் சரியாக மாட்டியும் ஒலி சப்பென்று, நடுவில் நிற்காமல் இருக்கிறது. ஸ்பீக்கர் பழுதா?

பழுதாக இருக்காது. ஒரு ஸ்பீக்கரில் கூட்டல், கழித்தல் முனைகள் மாறியிருக்கும். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுக்கும். கனத்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு வீட்டில் சுவருக்குள் நான் ஓட்டிய நீண்ட வயர் ஒன்றில் இப்படி முனை மாறிப்போய், அந்தக் குடும்பம் ஒரு மாதம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சோதிக்காமல் எந்த வீட்டிலிருந்தும் நான் கிளம்புவதில்லை.

ஆம்ப்ளிஃபையரிலிருந்து அந்த வயரின் இரு முனைகளையும் கழற்றுங்கள். 1.5 வோல்ட் பேட்டரியின் கூட்டல் முனையில் கூட்டல் வயரையும் கழித்தலில் மற்றதையும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கிரில்லைக் கழற்றி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கனத்த ஒலி தரும் வூஃபரின் கூம்பு வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் வயரை மாற்றிப் போடுங்கள்.