மறு: நான் உருவாக்கிய மொழியைக் கற்க ஏன் யாரும் வரவில்லை?

விதிவிலக்கே இல்லாத இலக்கணம், ஆனாலும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, வேற்றுமை உருபுகளை மறுபடி மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. சிக்கல் இலக்கணத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய வோலாபுக் மொழியைப் பாருங்கள். ஜெர்மன் பாதிரியார் ஷ்லேயர் உருவாக்கிப் பத்தே ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்கச் சங்கங்கள், பத்திரிகைகள். 1889 பாரிஸ் மாநாட்டை அந்த மொழியிலேயே நடத்தினார்கள். அப்புறம் கெர்க்காஃப்ஸ் என்பவர் தலைமையிலான வோலாபுக் அகாதெமி மொழியில் சீர்திருத்தம் கேட்டது. கடைசிச் சொல் தன்னுடையதுதான் என்று ஷ்லேயர் அடம்பிடித்தார். ஆளுக்கொரு திருத்தத்தோடு கலைந்து போனார்கள்.

அதே நோக்கத்தோடு பிறகு வந்த எஸ்பெராண்டோ மொழி மட்டும் என்ன குறையே இல்லாததா? ĉ, ĝ போன்ற தொப்பி போட்ட எழுத்துகள் அச்சகங்களுக்குப் பெரிய தலைவலி. ஆனால் அதை உருவாக்கிய சாமன்ஹாஃப் 1887இல் வந்த முதல் நூலிலேயே மொழியின் மீதான தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். 'ஒரு கோடிப் பேர் உறுதி தந்தால் நானும் கற்பேன்' என்று கையெழுத்திட்டு அனுப்பும் சீட்டுகளும் அதில் இருந்தன. கோடியெல்லாம் எங்கே வரும்! ஆனால் 1889இல் 1000 பேரின் முகவரிகளைப் பட்டியலாக அச்சிட்டார். புதிதாகக் கற்றவருக்குக் கடிதம் எழுத ஆள் கிடைத்தது. 1905இல் பிரான்சின் பூலோனில் நடந்த எஸ்பெராண்டோ மாநாட்டுக்குப் பிறகு அடிப்படை விதிகளில் யாரும் கைவைக்க முடியவில்லை, அவர் உட்பட. எஸ்பெராண்டோவைத் திருத்தி 1907இல் வந்த இடோ மொழி இன்னும் சீரானதுதான், ஆனால் திருத்திக்கொண்டே இருந்தார்கள்.

கடைசிப் பதிப்பைப் பூட்டிவிடுங்கள். படிக்க நாலு சிறுகதை, பேச ஒரு வாட்சப் குழு இருக்கிறதா? இருந்தால் இணைப்பைப் போடுங்கள், நான் சேர்கிறேன்.