நேற்றிரவு சர்வருக்கு என்ன ஆயிற்று? சுமைப் பதிவு குறித்த கேள்வி பதில்

சர்வரின் சுமையை நாள்தோறும் பதிந்து வைத்து, பின்னர் ஆற அமர ஆராய்வது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். நான் அன்றாடம் புழங்குவது லினக்ஸ் என்பதால் பேச்சு அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் சர்வர் வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் திணறுகிறது. காலையில் வந்து டாப் (top) கட்டளையைப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கிறது. இரவு நடந்ததை இப்போது பார்க்க முடியுமா?

பதில்: யாரும் பதியவில்லை என்றால் முடியாது. டாப் இந்த நொடியைத்தான் காட்டும். ஆனால் கைவிரிக்கும் முன் ஓர் இடத்தைத் தேடிப் பாருங்கள். சுமையைப் பதியும் சிஸ்ஸ்டாட் (sysstat) என்ற மென்பொருள் தொகுப்பு உங்களுக்குத் தெரியாமலேயே அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம். ரெட் ஹாட் குடும்ப லினக்ஸ்களில், வார் அடைவுக்குள் லாக், அதற்குள் எஸ்ஏ என்ற அடைவில் (/var/log/sa) நாளுக்கு ஒரு கோப்பு சேர்ந்திருக்கும். டெபியன், உபுண்டுவில் அதே லாக் அடைவுக்குள் சிஸ்ஸ்டாட் என்ற பெயரில் தேடுங்கள்.

அந்தக் கோப்புகளைப் படித்துக் காட்டும் கட்டளையின் பெயர் சார் (sar). தொலைபேசியில் ஒருவரிடம் "சார் ஓட்டிப் பாருங்கள்" என்று சொல்ல, அவர் "யாரை?" என்று கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. அதோடு க்யூ (-q) சேர்த்தால் சுமை, யூ (-u) சேர்த்தால் சிபியூ, ஆர் (-r) சேர்த்தால் நினைவகம், டி (-d) சேர்த்தால் டிஸ்க். எஃப் (-f) சேர்த்துப் பழைய நாளின் கோப்பைக் கொடுக்கலாம். எஸ் (-s), இ (-e) இரண்டையும் சேர்த்து எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று குறுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: டெபியன், உபுண்டுவின் பல பதிப்புகளில் தொகுப்பை நிறுவினாலும் பதிவு தொடங்காது. அமைப்புக் கோப்பில் எனேபிள்டு என்ற வரி ஃபால்ஸ் என்றே கிடக்கும். அதை ட்ரூ என்று மாற்றாமல், ஒரு மாதம் கழித்து வெற்று அடைவைத் திறந்து பார்த்து நொந்தவர்கள் ஏராளம்.

கேள்வி: 4 கோர் உள்ள சர்வர். லோடு ஆவரேஜ் (சுமைச் சராசரி) 12 காட்டுகிறது, ஆனால் சிபியூ 15 சதவீதம்தான் ஓடுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

சுமை என்றால் சிபியூவுக்காக வரிசையில் நிற்பவர்கள் என்றே பலரும் நினைக்கிறோம். பழைய யூனிக்ஸ்களில் அது பெரும்பாலும் சரி. லினக்ஸில் 1993இல் வந்த ஒரு சிறு திருத்தம் கணக்கை மாற்றிவிட்டது. டிஸ்க் பதில் சொல்லட்டும் என்று, இடையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடக்கும் ப்ராசஸ்களையும் (இயங்கும் நிரல்களையும்) அன்று முதல் சுமையில் சேர்த்துக்கொண்டார்கள். ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் (ps) கட்டளையின் பட்டியலில் டி (D) என்ற எழுத்தோடு நிற்பவை அவைதான். உங்கள் 12இல் பெரும்பகுதி அப்படி டிஸ்க்குக்காகவோ, பதில் வராத நெட்வொர்க் கோப்பகத்துக்காகவோ காத்துக்கிடப்பவை என்று நினைக்கிறேன்.

ஆகவே சுமை எண்ணைத் தனியாகப் பதிவது வீண் என்பேன். கூடவே விஎம்ஸ்டாட் (vmstat) கட்டளையின் முதல் இரண்டு பத்திகளையும் பதியுங்கள். ஆர் (r) என்பது சிபியூவில் ஓடுபவையும் அதற்காக நிற்பவையும், பி (b) என்பது தடைபட்டுக் கிடப்பவை. பிரச்சினை எந்தப் பக்கம் என்பது அங்கேயே பிரிந்துவிடும். அந்தக் கட்டளை தரும் முதல் வரியை மட்டும் எறிந்துவிடுங்கள். அதன் சிபியூ, டிஸ்க் எண்கள் சர்வர் பூட் ஆனதிலிருந்து கணக்கிட்ட சராசரி. இன்றைய நிலைமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

லினக்ஸின் கருவான கெர்னல் 4.20 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. ப்ராக் அடைவுக்குள் பிரஷர் என்ற அடைவில் (/proc/pressure) சிபியூ, நினைவகம், ஐஓ (உள்ளீடு, வெளியீடு) மூன்றுக்கும் தனித்தனிக் கோப்புகள் இருக்கும். எவ்வளவு நேரம் வேலை தடைபட்டு நின்றது என்பதை அவை நேரடியாகவே சொல்லும். சில லினக்ஸ் விநியோகங்களில் மட்டும் இதை பூட் அமைப்பில் இயக்கிவிட வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் டோட்டல் என்றொரு எண் உண்டு. அதை விடாமல் பதியுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கேள்வி: பெரிய கருவி எதுவும் நிறுவ அனுமதி இல்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் (cron) ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வைத்தால் போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். ப்ராக் அடைவில் லோட்ஆவ் (/proc/loadavg) என்ற கோப்பு இருக்கிறது. ஒரே வரி, ஐந்து பகுதிகள். முதல் மூன்றும் 1, 5, 15 நிமிடச் சராசரிகள். நான்காவது, இப்போது ஓடும் ப்ராசஸ்களும் அவற்றின் மொத்தமும், நடுவில் ஒரு சாய்கோட்டுடன். ஐந்தாவது, கடைசியாகப் பிறந்த ப்ராசஸின் எண். இந்த ஐந்தாவதை யாரும் சட்டை செய்வதில்லை. ஆனால் அடுத்தடுத்த இரண்டு பதிவுகளில் அது எவ்வளவு தாவியிருக்கிறது என்று கழித்துப் பாருங்கள். அந்த இடைவெளியில் எத்தனை ப்ராசஸ்கள் முளைத்தன என்று ஏறக்குறையத் தெரியும். ஏதோவொரு ஸ்கிரிப்ட் நொடிக்கு நூறு குட்டிகளைப் போட்டுத் தள்ளுவது பல முறை இப்படித்தான் மாட்டியிருக்கிறது.

நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் நாளுக்கு 1,440 வரிகள், ஆண்டுக்கு 5,25,600. வரிக்கு 60 பைட் என்றாலும் ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 32 எம்பிதான். ஆகவே இடம் போதாது என்று பழைய பதிவுகளை அழிக்காதீர்கள். மாதம் ஒரு கோப்பாகச் சுருக்கி வைத்தால் இன்னும் சிறிதாகிவிடும்.

வரியின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள், மணி என்ற வரிசையில் நேரத்தை எழுதுங்கள்; அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். சர்வர் மிகவும் திணறும்போது க்ரானே தாமதமாகும், சில வரிகள் வராமலே போகும். அந்த ஓட்டைகளைப் பூஜ்யம் போட்டு நிரப்பிவிடாதீர்கள். 2:14க்குப் பிறகு அடுத்த வரி 2:19க்குத்தான் என்றால், பதிவிலேயே மிக முக்கியமான செய்தி அதுதான்.

கேள்வி: சிஸ்ஸ்டாட் 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் பதிகிறது. அது போதுமா? அல்லது நொடிக்கு ஒன்று வைக்கலாமா?

பதில்: இதற்கு என் கதை ஒன்றையே சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் தினமும் பின்னிரவு 2 மணி 13 நிமிடம் வாக்கில் தளம் முக்கால் நிமிடம்போல உறைந்துவிடும். சார் அறிக்கையில் 2:10க்கும் 2:20க்கும் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரம் நெட்வொர்க்காரர்களிடம் சண்டை போட்டோம்.

கணக்கைப் பாருங்கள். சார் காட்டும் சிபியூ சதவீதம் இரண்டு பதிவுகளுக்கு இடைப்பட்ட சராசரி. சிபியூ 40 நொடிகள் முழுதாக மூழ்கினாலும் 600 நொடிகளில் அது 7 சதவீதத்தைக்கூடத் தொடாது. சுமை எண்ணோ சராசரி எடுக்கப்படுவதில்லை, பதியும் கணத்தில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறது. 1 நிமிட எண் படிப்படியாகத் தேய்வது. ஏழு நிமிடம் கழித்துப் பார்த்தால் தடயமே மிஞ்சாது. உண்மையில் ஒரு தடயம் இருக்கத்தான் செய்தது. 2:20 வரியில் மட்டும் 15 நிமிட எண், 1 நிமிட எண்ணைவிடச் சற்று உயர்ந்து நின்றது. "சற்று முன் இங்கே ஏதோ நடந்தது" என்பதுதான் அதன் பொருள். எங்களில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

இடைவெளியை 1 நிமிடமாக்கியதும் மூன்றே இரவில் பிடிபட்டது. டேட்டாபேஸ் காப்புப் பிரதி எடுக்கும் அதே வேளையில், எல்லோரும் மறந்துபோன ஓர் அறிக்கை வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. நெட்வொர்க்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஆகவே என் வழக்கம் 1 நிமிடம். புதிய விநியோகங்களில் சிஸ்ஸ்டாட் கலெக்ட் (sysstat-collect) என்ற சிஸ்டம்டி டைமரிலும், பழையவற்றில் க்ரான் கோப்பிலும் இதை மாற்றலாம். நொடிக்கு ஒன்று என்பது வேட்டையாடும் நாட்களுக்கு மட்டும்.

இங்கேதான் முன்பு சொன்ன பிரஷர் கோப்புகளின் டோட்டல் எண்ணின் அருமை தெரியும். சுமை போன்றவை குழாயில் இந்தக் கணம் வரும் நீரின் வேகம். நீங்கள் பார்க்காதபோது வந்தது கணக்கில் வராது. டோட்டல் போன்றவை தண்ணீர் மீட்டர். எப்போது படித்தாலும் முந்தைய எண்ணைக் கழித்தால், இடையில் ஓடியது ஒரு சொட்டும் தவறாமல் வந்துவிடும். எந்த நொடியில் ஓடியது என்பது மட்டும்தான் தெரியாது. இரண்டில் ஒன்றைத்தான் பதிய முடியும் என்றால் மீட்டரைப் பதியுங்கள்.

கேள்வி: சுமை ஏறியது தெரிகிறது. யார் ஏற்றியது என்று தெரியவில்லை.

பதில்: ஏடாப் (atop) நிறுவுங்கள். ப்ராசஸ் வாரியாகப் பதிந்து வைக்கும். இயல்பு இடைவெளி 10 நிமிடம், அதையும் குறைத்துவிடுங்கள். பழைய கோப்பை ஆர் (-r) சேர்த்துத் திறந்தால், சிறிய டி (t) விசை காலத்தில் முன்னே நகர்த்தும், பெரிய டி (T) பின்னே கொண்டுபோகும், பி (b) அழுத்தினால் நேரம் கேட்டு அங்கே தாவும். ப்ராசஸ் கணக்கெடுப்பு இயங்கினால், இரண்டு பதிவுகளுக்கு இடையே பிறந்து இறந்தவற்றையும் காட்டும். சாருக்கு அந்தத் திறன் கிடையாது.

கேள்வி: எண்களைக் கால வரிசையில் சேமிக்கும் ஆர்ஆர்டிடூல் (RRDtool), ப்ரோமிதியஸ் (Prometheus) இரண்டில் எது? போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

பதில்: ஆர்ஆர்டிடூல் 1999இல் வந்தது. கோப்பின் அளவு தொடங்கும்போதே முடிவாகிவிடும், ஒருநாளும் வீங்காது. பழைய எண்களைச் சராசரியாக்கிச் சுருக்கிச் சுருக்கி வைக்கும். போன ஆண்டின் வரைபடம் அதனால்தான் வழவழவென்று, ஒரு சிகரமும் இல்லாமல் தெரியும். சிகரங்கள் வேண்டுமென்றால் கோப்பை உருவாக்கும்போதே மேக்ஸ் (MAX) என்ற உச்ச எண்களின் தொகுப்பையும் கேட்டு வாங்க வேண்டும். சராசரியாகிவிட்டதிலிருந்து உச்சத்தை மீட்க வழியில்லை.

ப்ரோமிதியஸ் எண்களைக் கரைக்காது, ஆனால் மொத்தமாகத் தூக்கி எறியும். வேறு சொல்லாவிட்டால் 15 நாட்கள்தான் வைத்திருக்கும். உங்கள் தேவைக்கு அந்தக் காலவரம்பை நீட்டித்து அதையே வையுங்கள். இருப்பது ஒரே ஒரு சர்வர் என்றால் இரண்டும் வேண்டாம். மேலே சொன்ன ஸ்கிரிப்டே உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: கண்டெய்னருக்குள் (ஒரே இயந்திரத்தில் செயலிகளைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் கூடு) இருந்து லோட்ஆவ் படித்தால் சரியாக வருமா?

பதில்: வராது. பொதுவாக உங்களுக்குத் தெரிவது வெளியே இருக்கும் முழு இயந்திரத்தின் சுமை. அடுத்த வீட்டுச் சத்தத்தை உங்கள் கணக்கில் எழுதிவிடுவீர்கள். கண்டெய்னருக்கு வரம்பு விதிக்கும் சிகுரூப்பின் (cgroup) சிபியூ.ஸ்டாட் (cpu.stat) கோப்பில் த்ராட்டில்டு (throttled) என்ற சொல் வரும் எண்களைப் பதியுங்கள். உங்கள் கண்டெய்னர் எத்தனை முறை, எவ்வளவு நேரம் கழுத்தைப் பிடித்து நிறுத்தப்பட்டது என்று தெரியும்.

கேள்வி: விண்டோஸ் சர்வருக்கு?

பதில்: பர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் டேட்டா கலெக்டர் செட் ஒன்றை உருவாக்கி விடுங்கள். லோடு ஆவரேஜ் என்ற எண் அங்கே இல்லை. ப்ராசஸர் க்யூ லெங்த், டிஸ்க் வரிசையின் நீளம், சிபியூ சதவீதம் மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். சேர்ந்த கோப்பை ரீலாக் (relog) கட்டளை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பாக) மாற்றித் தரும்.

கேள்வி: செயலியின் பிழைப் பதிவும் சுமைப் பதிவும் நேரத்தில் ஒத்துப்போகவே மாட்டேன் என்கின்றன.

பதில்: சார் உள்ளூர் நேரத்தில் காட்டும். அதே கோப்பை சிஎஸ்வி போல எடுக்க உதவும் சாட்எஃப் (sadf) கட்டளை, நீங்கள் தடுக்காவிட்டால் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதும். பெரிய டி (-T) சேர்த்தால் உள்ளூர் நேரம். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். மீதி, கடிகாரம். எல்லாச் சர்வர்களிலும் கடிகாரத்தைச் சரிப்படுத்தும் க்ரோனி (chrony) ஓடுகிறதா என்று பாருங்கள். 30 நொடி விலகல் இருந்தால் காரணம் விளைவுக்குப் பின்னால் வந்து நிற்கும். என்னைக் கேட்டால் பதிவு எல்லாம் யுடிசியில் இருக்கட்டும், பார்க்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு மாத எண்கள் சேர்ந்துவிட்டன. இனி என்ன செய்வது?

பதில்: மாதச் சராசரி மட்டும் எடுக்காதீர்கள். நள்ளிரவு நிதானமும் நண்பகல் நெரிசலும் கலந்து, எந்த மணிக்கும் பொருந்தாத ஓர் எண் வரும். நான்கு திங்கட்கிழமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள், பிறகு நான்கு செவ்வாய்கள். ஒரு கோடு மட்டும் கூட்டத்தை விட்டு விலகும் இடத்தில் தோண்டுங்கள். மணிக்கு வந்த கோரிக்கைகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். கோரிக்கைகள் கூடிச் சுமை கூடினால் வியாபாரம் வளர்கிறது. கோரிக்கைகள் அப்படியே இருக்க, சுமை மட்டும் கூடினால் நிரலில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். புதிய பதிப்பு ஏற்றிய நாட்களையும் அதே கோப்பில் ஒரு வரியாக எழுதி வந்திருந்தால், யார் என்று கேட்கவே வேண்டியிருக்காது.

கேள்வி: எங்களுடையது வாடகை மெய்நிகர் சர்வர். சுமை ஏறுகிறது, உள்ளே சிபியூ தின்பவர் யாருமே இல்லை, டிஸ்க்கும் சும்மா இருக்கிறது.

பதில்: சார் அறிக்கையில் ஸ்டீல் (steal, அதாவது திருட்டு) என்ற பத்தியைப் பாருங்கள். உங்களுக்கு வர வேண்டிய சிபியூ நேரத்தை, அதே இயந்திரத்தில் குடியிருக்கும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்பதன் அளவு அது. ஒரு வாரம் நிமிடத்துக்கு ஒன்றாகப் பதிந்து, உயர்ந்த நேரங்களைப் பட்டியலிட்டு வாடகைக்கு விட்டவர்களிடம் கொடுங்கள். "மெதுவாக இருக்கிறது" என்று எழுதினால் "இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். தேதியும் மணியும் சதவீதமும் போட்டு எழுதினால் பெரும்பாலும் வேறு இயந்திரத்துக்கு மாற்றிவிடுவார்கள்.