புது ஆற்றங்கரையில் ஒரு படம், மாடியில் ஆறு கருத்துகள்

கேள்வி: நாங்கள் தஞ்சாவூரைச் சேர்ந்த ஆறு நண்பர்கள். ஒருவர் கல்யாணப் படப்பிடிப்புகளுக்கு உதவியாளராகப் போகிறவர். மற்ற ஐந்து பேரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேமராவைக் கற்றுக்கொள்பவர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், மாடலிங்கில் ஆர்வமுள்ள தெரிந்தவர்களை அழைத்துச் சென்று வெளியிடங்களில் படம் எடுக்கிறோம். மாலையில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் உட்கார்ந்து படங்களைப் பற்றிப் பேசுகிறோம். பேச்சு ஒன்று ‘சூப்பர்’, ‘செம’ என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அல்லது மனக்கசப்பில் முடிகிறது. போன தடவை எங்களில் மூத்தவர் என் படத்தைப் பார்த்து, “இதெல்லாம் ஒரு படமா?” என்றார். அதன் பிறகு மூன்று வாரமாக நான் கேமராவைத் தொடவில்லை. அந்தப் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒருவர் படத்தை ஒருவர் விமர்சித்து முன்னேறுவது எப்படி?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அன்புள்ள வாசகருக்கு, மூன்று வாரம் கேமராவைத் தொடவில்லை என்று நீங்கள் எழுதிய வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். உங்கள் மூத்த நண்பர் சொன்னதும், மற்றவர்கள் சொல்லும் ‘சூப்பர்’ என்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினாலும், என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே குறையிலிருந்து பிறந்தவை. இருவருமே படத்தில் என்ன கண்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. எதைப் பார்த்தேன், அது என் கண்ணை எங்கே இழுத்தது, எங்கே தடுத்தது என்பதைச் சொல்லாத எந்தக் கருத்தைக் கொண்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எதையும் மாற்றிச் செய்ய முடியாது. பாராட்டாக இருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே முதலில் உங்கள் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். ‘புது ஆறு’ என்று நீங்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாயின் கரையில், ஒரு வேப்ப மரத்தடியில், மாம்பழ மஞ்சள் நிறக் கைத்தறிச் சேலையில் ஓர் இளம்பெண் முக்கால் பக்கம் திரும்பி நிற்கிறார். பின்னால் ஆவணி மாதத்துத் தண்ணீர் கரை நிறையப் போகிறது. முதலில் என் கண் போன இடம் அவருடைய உதடு. எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியதுபோன்ற ஒரு கணம் அதில் இருக்கிறது. சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாத கணம் அது, அதை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். அடுத்து என் கண் அவர் கண்களுக்குப் போக வேண்டும். ஆனால் அது நெற்றியின் இடப்பக்கத்தில் விழுந்திருக்கும் ஒரு வெயில் திட்டுக்குத் தாவிவிடுகிறது. இலைகளுக்கு நடுவே வந்த அந்த வெளிச்சத்துக்கும் முகத்தின் மற்ற பகுதியில் இருக்கும் நிழலுக்கும் ஏறக்குறைய மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு வித்தியாசம் இருக்கும். நீங்கள் நிழலுக்கு ஏற்றபடி எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு, வைத்ததால் அந்தத் திட்டு வெறும் வெள்ளையாகிவிட்டது. எடிட்டிங்கில் எவ்வளவு முயன்றாலும் அங்கே தோலின் விவரம் திரும்ப வராது. கண்குழிகள் இரண்டும் இருண்டிருக்கின்றன, கருவிழியில் ஒளிப்புள்ளி இல்லை. தலைக்குப் பின்னால் அக்கரையிலிருந்து ஒரு மின்கம்பம் கொண்டையிலிருந்து முளைத்ததுபோல நிற்கிறது. கீழே வலது கை மணிக்கட்டில் சரியாக வெட்டுப்பட்டிருக்கிறது.

இப்போது இவை ஏன் நேர்ந்தன என்று பார்ப்போம், ஏனென்றால் விமர்சனத்தின் பயன் அங்கேதான் தொடங்குகிறது. படத்தோடு பதிவாகியிருக்கும் விவரம் நேரத்தைக் காலை 10.40 என்று காட்டுகிறது. ஆவணியின் தொடக்கத்தில் தஞ்சைப் பகுதியில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும், எனவே பத்தே முக்காலுக்கே அது அறுபத்தைந்து டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும். அந்த உயரத்திலிருந்து வரும் வெளிச்சம் யாருடைய கண்குழியையும் இருட்டாக்கும், அதில் அந்தப் பெண்ணின் தவறோ உங்கள் லென்ஸின் தவறோ எதுவும் இல்லை. வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளில், சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும் மென்மையான வெளிச்சம் கிடைக்கும் ‘கோல்டன் ஹவர்’ என்று ஒரு முழு மணி நேரத்தைச் சொல்கிறார்கள். லண்டன் போன்ற இடங்களில் சூரியன் சாய்வாக ஏறுவதால் அது அவர்களுக்குச் சரி. நம் ஊரில் சூரியன் மணிக்கு ஏறக்குறைய பதினைந்து டிகிரி என்ற கணக்கில் செங்குத்தாக ஏறுகிறது. ஆறு மணிக்கு உதித்தால், அந்த மென்மையான சாய்வெளிச்சம் ஆறே முக்காலுக்கெல்லாம் குறையத் தொடங்கிவிடும். ஒன்பது மணிக்கு ஆற்றங்கரையில் கூடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

அந்த நேரத்திலும் வழி இருந்தது. மரத்தடியின் நடுவில் நிற்காமல் நிழல் முடிகிற விளிம்புக்கு ஓரடி உள்ளே அவரை நிறுத்தி, முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்பச் சொல்லியிருந்தால், வெயில் திட்டு விழாது, வானமே ஒரு பெரிய ஜன்னல்போலக் கண்ணுக்குள் ஒளிப்புள்ளியைத் தந்திருக்கும். வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் இல்லையென்றால் ஒரு தெர்மாக்கோல் பலகை போதும், அதுவும் இல்லையென்றால் எட்டு முழ வெள்ளை வேட்டியை நான்காக மடித்து ஒருவர் இடுப்புயரத்தில் பிடித்தால் போதும். மின்கம்பத்துக்கு நீங்கள் இடப்பக்கம் அரையடி நகர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய தூரத்துக் கண் லேசாக மங்கியிருக்கிறது. உங்கள் கேமராவில் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சிறியது. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல், அதாவது அதன் துவாரத்தை அகலத் திறந்து வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஆறேழு சென்டிமீட்டர்தான், அதில் பாதிதான் ஃபோகஸ் வைத்த கண்ணுக்குப் பின்னால் கிடைக்கும். முக்கால் பக்கம் திரும்பிய முகத்தில் ஒரு கண் மற்றதைவிட நாலு சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் இருக்கும். துவாரத்தைக் குறுக்கி எஃப் 2.8 அல்லது 4 வைத்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். பின்னணியை மங்கலாக்கும் ஆசையில் நாம் எல்லோருமே இந்த இடத்தில் ஒரு கண்ணை இழக்கிறோம்.

மேலே நான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். குறைகள் ஐந்தாறு சொல்லியிருக்கிறேன், ஆனாலும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு குறையும் ‘நகர்ந்து நில்லுங்கள், நேரத்தை மாற்றுங்கள், எண்ணை மாற்றுங்கள்’ என்று கையால் செய்யக்கூடிய ஒரு காரியத்தில் முடிகிறது. உங்கள் மாடியிலும் இந்த வழக்கத்தைத்தான் கொண்டுவர வேண்டும்.

அதற்கு ஒரு முறை உண்டு. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் நடனப் படைப்புகளைப் பற்றிப் பேசுவதற்காக உருவாக்கிய முறை அது. பின்னர் மற்றக் கலைகளைச் சேர்ந்தவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். அதன் வரிசை இதுதான்: முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனதில் தங்கியது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து, படைத்தவர் தனக்கிருக்கும் சந்தேகங்களைக் கேட்க வேண்டும். மூன்றாவதாக, பார்த்தவர்கள் தீர்ப்பு கலக்காத கேள்விகளைக் கேட்கலாம். கடைசியாகத்தான், “இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?” என்று அனுமதி கேட்டு அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் படைத்தவருக்கு உரிமை உண்டு. நம் வழக்கத்தில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது, எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புதான் வருகிறது. மூன்றாம் படிதான் பழகக் கடினம். “ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?” என்பது கேள்வி வேடம் போட்ட தீர்ப்பு. “முகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெளிச்சத்தை எப்படி முடிவு செய்தீங்க?” என்பதுதான் கேள்வி. இப்படிக் கேட்கப்பட்டால் நீங்கள் யோசித்துப் பதில் சொல்வீர்கள், பல தடவை பதில் சொல்லும்போதே பிழை உங்களுக்கே தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்கும் கேள்வியும் கூர்மையாக இருக்க வேண்டும். “எப்படி இருக்கு?” என்று படத்தை நீட்டினால் “நல்லா இருக்கு” என்பதைத் தவிர வேறென்ன வரும்? “உங்கள் கண் முதலில் எங்கே போனது?” என்று கேளுங்கள். “கை வெட்டுப்பட்டது உறுத்துகிறதா?” என்று கேளுங்கள். எனக்கு ஆரம்ப காலத்தில் கற்றுக்கொடுத்த ஒரு பெரியவர், ‘ட’ வடிவில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பிரிண்ட் மேல் அவற்றை வைத்து, மெதுவாக நகர்த்தி நகர்த்தி ஓரங்களை மூடுவார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். அட்டை ஓரிடத்தில் நின்றதும், அதற்கு வெளியே நான் எத்தனை வேண்டாத பொருள்களைச் சேர்த்துவைத்திருந்தேன் என்பது எனக்கே விளங்கிவிடும். காலண்டர் அட்டையை வெட்டி நீங்களும் செய்துகொள்ளலாம். இதற்காகவாவது படங்களைச் சிறிய அளவில் பிரிண்ட் போட்டுக்கொண்டு போங்கள், போன் திரையைக் கைமாற்றிக்கொண்டே நிதானமாகப் பேச முடியாது.

தேர்ந்தெடுத்த ஒரே படத்தை மட்டும் கொண்டுபோவதும் போதாது. அந்த இடத்தில் எடுத்த அத்தனையையும் வரிசை கலையாமல் காட்டுங்கள். ஃபிலிம் காலத்தில் 36 படங்களும் ஒரே தாளில் தெரியும் கான்டாக்ட் ஷீட் இருந்தது. அதைப் பார்த்தால், ஒருவர் எந்த இடத்தில் யோசிப்பதை நிறுத்திவிட்டு பட்டனை மட்டும் அழுத்தத் தொடங்கினார் என்பது தெரிந்துவிடும். நீங்கள் ஒதுக்கிய படத்தில்தான் அந்த மின்கம்பம் இல்லாமல் இருந்திருக்கலாம். எடுப்பதில் பிழையா, தேர்ந்தெடுப்பதில் பிழையா என்பது இப்படித்தான் பிரிந்து தெரியும்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் என் படத்தைப் பார்த்த ஒருவர், “பொண்ணு கறுப்பா இருக்கு, கொஞ்சம் ஏத்துங்க” என்றார். நானும் மறுபேச்சின்றி ஏற்றினேன். அந்தப் பெண்ணிடம் பிரிண்ட்டைக் கொடுத்தபோது, அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது யாரு சார்?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, அதனால்தான் இன்றுவரை அது என்னைவிட்டுப் போகவில்லை. வெளிறிய நிறம்தான் சரியான நிறம் என்ற எண்ணம் நம் மனதில் மட்டுமின்றிக் கருவிகளிலும் இருந்திருக்கிறது. கலர் பிரிண்டுகளில் தோல் நிறத்தைச் சரிபார்க்க 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்குத் தந்த ‘ஷர்லி’ அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது, பல நிறத்தவர் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. எனவே உங்கள் மாடியில் யாராவது ‘கறுப்பாக இருக்கிறது’ என்று சொன்னால், படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு பொருளைப் பாருங்கள். தலையில் வைத்திருக்கும் மல்லிகையைப் பாருங்கள். பூ சாம்பல் நிறமாகத் தெரிந்தால் எக்ஸ்போஷர் குறைவு, அதைத் திருத்துங்கள். பூ வெள்ளையாகவே இருந்தால் அது அந்தப் பெண்ணின் நிறம், அதில் கைவைக்காதீர்கள். அவருடைய உடம்பு, எடை, நிறம், பல் வரிசை இவற்றைப் பற்றிய பேச்சு எதுவும் விமர்சனம் ஆகாது. அந்தப் பேச்சு தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிந்தால் படத்தில் நின்றவரையும் அவருடைய வீட்டாரையும் அந்த மாலைக்கு அழையுங்கள். எப்போது சங்கடமாக இருந்தது, யார் சொன்னது புரியாமல் கழுத்தை விறைத்துக்கொண்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆறு கேமராக்காரர்களில் எவருக்கும் தெரியாத விவரங்கள் அவை.

விமர்சனத்தைக் கேட்கும்போது பதில் பேசாமல் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். ‘வெயில் அப்படி இருந்தது’, ‘அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது’ என்ற விளக்கங்களைப் படத்தோடு ஒட்டி அனுப்ப முடியாது. ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய ரசனையாக இருக்கலாம். மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயலாமல், ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரே ஒரு குறையை மட்டும் அடுத்த படப்பிடிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முதலாவது, கண்ணில் வெளிச்சம்.

மூத்த நண்பரை விட்டு விலகாதீர்கள். படத்தை எடுத்துக்கொண்டு தனியாக அவரிடம் போய், “அண்ணே, நீங்க அன்னைக்குச் சொன்னதில் எது முதலில் உறுத்துச்சுன்னு காட்டுங்க” என்று கேளுங்கள். கடுமையாகப் பேசுகிறவர்களில் பலருக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது, பார்த்ததைச் சொல்லும் பழக்கம்தான் இல்லை. அவர் விரல் அந்த வெயில் திட்டுக்கோ மின்கம்பத்துக்கோ போனால், உங்களுக்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்துவிட்டார். எங்கும் போகாமல் மறுபடியும் ‘எல்லாமே தப்பு’ என்றே சொன்னால், அந்தக் கருத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு அதே வேப்ப மரத்துக்குக் காலை ஆறு மணிக்கே போங்கள். முடிந்தால் அதே பெண், அதே சேலை. நீங்கள் அனுப்பிய படத்தை இங்கே அச்சிடவில்லை, ஏனென்றால் பத்திரிகையில் வெளியிட அவர் சம்மதித்தாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவரிடம் கேளுங்கள். சரி என்று அவர் சொன்னால், பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.